சகாயராஜின் ‘சாப்டாச்சாக்கா?’

நிலவு, தென்துருவப் பள்ள நிலையம். பதிவு செய்பவர்: பூங்கோதை, உடற்கடிகார ஆய்வாளர். தனி ஆள்.

பதிவு 41. காலை 6.00
விளக்கு எரிந்தது, எழுந்தேன். காற்று வடிகட்டியை மாற்றினேன். நாளுக்கு ஒன்று, தவறினால் என் மூச்சே எனக்கு விஷம். அடுத்த விண்கலம் வரும்வரைக்குத்தான் வடிகட்டி இருப்பு. வெயில் எட்டாத பள்ளம் இது. விளக்கும் அதோடு பிணைத்த கடிகாரமும்தான் எனக்குச் சூரியன். பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சகாயராஜ், வழக்கம்போல்: "காலைல சாப்டாச்சாக்கா?"

பதிவு 47. காலை 6.20
கஞ்சிப் பொட்டலத்தைப் பிரித்ததுமே குமட்டல். நடுராத்திரியில் கொலைப்பசி. வாய் நாற்றம் பல் தேய்த்தும் போகவில்லை. தலை பிளக்கிறது. சீ, என்ன உடம்பு இது!

பதிவு 49. காலை 6.05
சகாயராஜ்: "ராத்திரி சாப்டாச்சாக்கா? இங்க இப்பதான் தோசை... ஐயையோ!" இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

புரிந்துவிட்டது. என் கடிகாரத்தில் காலை, அவனுக்கு ராத்திரி. விளக்கை மெல்ல மெல்லத் தாமதித்து என் நாளை நீட்டியிருக்கிறார்கள். மூளைக்குள் அரிசி மணியளவு கடிகாரம், வெளிச்சம் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஓரளவுக்குத்தான் வளையும். அதற்கு மேல் இழுத்தால் தன் போக்கில் ஓடிவிடும். இதைப் பாடம் நடத்தியவள் நான்! வடிகட்டியையும் இத்தனை நாளாகத் தாமதமாகத்தான் மாற்றியிருக்கிறேன், தலைவலி அதனால்தான்.

பதிவு 50. காலை என்கிறது விளக்கு
உண்மையில் இப்போது மணி என்ன என்று கேட்டேன். இயக்குநர் வேதாசலம்: "பதட்டப்படாதீங்கம்மா. தரவு அருமையா வருது. முன்னாடியே சொன்னா உங்க மூளை உஷாராயிடும்ல?"

த்தூ! எலியிடம்கூட இப்படி நான் நடந்துகொண்டதில்லை. ஸ்பேனரால் விளக்குகளை உடைத்தேன். கடிகாரமும் அணைந்தது. அணையட்டும், பொய்க் கழுதை.

பிறகு சகாயராஜ், ரகசியமாக: "மன்னிச்சிருங்கக்கா. இனி தினம் நிஜக் காலைல மட்டும் கேக்குறேன், சாப்டாச்சான்னு. கேட்டதும் வடிகட்டிய மாத்திருங்க."

பதிவு 52. இருட்டு
கேட்டான், மாற்றினேன். தூங்கினேன். மறுபடி கேட்டான், மாற்றினேன். கஞ்சி இறங்கியது. தம்பி, நீ நல்லா இருக்கணும்.

பதிவு. எண் நினைவில்லை
விழித்தேன். தூங்கியது ஒரு மணி நேரமா, ஒரு நாளா? தலை வலிக்கிறது. அது இப்போது எப்போதும் இருப்பதால் அதை நம்பி மாற்ற முடியாது, இருப்பு தீர்ந்துவிடும். அழைப்புக்குக் காத்திருக்கிறேன்.

பதிவு
அழைப்பு வந்தது. புதுக்குரல்: "வணக்கம் மேடம். சகாயராஜ் சார வேற வேலைக்கு மாத்திட்டாங்க. நீங்க நல்லாருக்கீங்கன்னு பதிவு பண்ணிக்கிறேன்."

மணி கேட்பதற்குள் துண்டித்துவிட்டான். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. த்தூ.

பதிவு
அதே குரல். "நல்லாருக்கீங்கன்னு பதிவு பண்ணிக்கிறேன்."
இது அடுத்த நாளா? அதே நாளா? வடிகட்டியை மாற்றினேனா?
கேளுடா பாவி. ஒரே ஒரு தரம். சாப்