கங்கைச் சொம்பும் கொதிக்க வைத்த துணியும்

கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் இல்லாமல் வாசற்படி தாண்டாத என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு வருஷம் ஆகிறது. முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மூத்த பிள்ளை இப்போது உங்கள் அறையில், உங்கள் கட்டிலில் படுத்திருக்கிறான். வயிற்றில் கட்டி. டாக்டர் கையை விரித்துவிட்டார். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, என்னைக் கூப்பிட்டார்கள். ஊரார் மலத்தை அள்ளுகிறவள் என்று சமையலறைப் பக்கம் விடாமல் வைத்திருந்தார்களே, அதே என்னைத்தான்.

பதினெட்டு வயதில் தாலி இழந்தவளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியவர் நீங்கள். மல்லேஸ்வரம் பேட்டையே சிரித்தது. நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கடைசி இரண்டு வருஷம் உங்களுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. யாரோ மனு கொடுக்க வந்தவள் என்று நினைத்து, "நாளே பன்னி", நாளைக்கு வாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லித் திருப்பி அனுப்புவீர்கள். முப்பது வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் மறக்காமல் மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதானா, அப்பா?

கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு இன்னொன்றும் சொல்ல ஆரம்பித்தீர்கள். "ஸஹி ஆய்த்தா?" கையெழுத்து ஆயிற்றா என்று நாள் முழுக்க அதே கேள்வி. அண்ணா வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னான், "அப்பாவுக்கு ஆபீஸ் ஞாபகம் இன்னும் போகலை." நான் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கம் படுக்க வைத்தால் அந்தக் கேள்வி மூச்சுக்கு மூச்சு வந்தது. வலது பக்கம் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் நின்றது. அது ஆபீஸ் இல்லை, வலி. வலி என்கிற வார்த்தை உங்களை விட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். முதல் வருஷம் நர்ஸ் படிக்கிற பெண்ணுக்குக் கூடத் தெரிந்திருக்கும். பி.ஏ. படித்த அண்ணாவுக்குத் தெரியவில்லை.

அப்புறம் படுக்கைப் புண். மன்னி அதற்கு மடித் துணி வைத்தாள். கிணற்று நீரில் நனைத்து, குச்சியால் உயரக் கொடியில் போட்டு உலர்த்திய துணி. "யார் கையும் படலை" என்றாள். கை படவில்லை, ஈ பட்டது. நான் பழைய வேஷ்டியைக் கிழித்து ஒரு பாத்திரத்தில் கொதிக்க வைத்தேன். ஆஸ்பத்திரிக் கை பட்டதென்று அந்தப் பாத்திரத்தைத் துணியோடு கொல்லையில் வீசினார்கள். புண் சீழ் பிடித்தது. கிருமிக்கு மடியும் தெரியாது, விழுப்புத் தீட்டும் தெரியாது. இதைப் படித்தவர்களுக்குப் புரிய வைக்க என்னால் ஆகவில்லை.

டாக்டர் ஒரு நாள் மார்ஃபியா ஊசி போட்டார். அன்று மத்தியானம் உங்கள் புருவம் விரிந்ததைப் பார்த்தேன். ஒரு தடவை கூட "ஸஹி" கேட்கவில்லை. மறுநாள் அண்ணா ஊசியை நிறுத்திவிட்டான்.

"இப்படித் தூங்கிண்டே இருந்தா கடைசியில நாராயணான்னு எப்படிச் சொல்லுவார்?"

டாக்டர் பையை மூடிக்கொண்டு போய்விட்டார். தன் பெயரே தெரியாதவர் பெருமாள் பெயரைச் சொல்ல வேண்டுமாம். அதற்காக நாலு நாள் உங்களை வலியில் விழித்திருக்க வைத்தார்கள். நாராயணா வரவில்லை. நீங்கள் கடைசியாகக் கேட்டதும் கையெழுத்துதான்.

மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் கங்கைச் சொம்பை உடைத்தார்கள். காசியிலிருந்து வந்து பல வருஷம் ஈயம் வைத்து மூடிக் கிடந்த தண்ணீர். "முழுங்க முடியலை அண்ணா, மூச்சுக்குள்ள போயிடும். உதட்டை நனைச்சாப் போதும்" என்றேன்.

"உன் நர்ஸ் வேலையை ஆஸ்பத்திரியோட வெச்சுக்கோ. தலையைத் தூக்கு."

ஆறு பேர், ஆறு உத்தரணிக் கரண்டித் தண்ணீர். நீங்கள் புரையேறிப் புரையேறி அடங்கினீர்கள். "கங்கை உள்ளே போயிடுத்து" என்று எல்லோருக்கும் திருப்தி.

அண்ணாவை எட்டு வருஷமாகத் துச்சமாக நினைத்திருக்கிறேன். அது சுலபமாக இருந்தது. ஆனால் அப்பா, அந்தத் தலையைத் தூக்கிப் பிடித்தது யார்? தெரியாத அவர்கள் ஊற்றினார்கள். தெரிந்த நான் தூக்கிக் கொடுத்தேன். அப்பாவுக்குக் கங்கை கொடுக்க விடாத பெண் என்று பெயர் வருமே என்று பயந்தேனா? இருந்த பெயர் போதாதா எனக்கு?

இப்போதைய கதையைக் கேளுங்கள். போன வாரம் அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டான். "வலிக்கறதுடீ. அந்த ஊசியைப் போடேன்."

"போட்டா தூங்கிப் போயிடுவே அண்ணா. நாராயணா யார் சொல்றது?" கேட்கத்தான் கேட்டேன். எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது.

"அதெல்லாம் மனசுக்குள்ள சொல்லிக்கறேன். நீ முதல்ல போடு."

மனசுக்குள்ளேயும் சொல்லலாம் என்று அவனுக்குத் தன் வயிறு வலித்தபோது தெரிந்திருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். போட்டேன். அடுத்ததையும் அவன் கெஞ்சுகிற வரை காத்திருக்காமல் வேளைக்குப் போட்டேன். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறேன். மன்னி இப்போது பருப்பு வேக வைக்கிற பாத்திரத்திலேயே துணியைக் கொதிக்க வைக்கிறாள். அதை யாரும் கொல்லையில் வீசவில்லை.

நேற்று மன்னி சுவாமி அலமாரியிலிருந்து இன்னொரு கங்கைச் சொம்பை எடுத்து அவன் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். உறவுக்காரர்களுக்குக் கடிதம் போய்விட்டது. வருவார்கள், வரிசையில் நிற்பார்கள், என்னைத் தலையைத் தூக்கச் சொல்வார்கள்.

அவனை நான் மன்னிக்கவில்லை அப்பா, அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் உங்களுக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன். கங்கையைப் பஞ்சில் தொட்டு அவன் உதட்டை நானே நனைப்பேன். யார் என்ன சொன்னாலும் தலையைத் தூக்கமாட்டேன்.

உங்கள் தலையைத் தூக்கிப் பிடித்த மகள்,
அம்புஜம்