மூட்டையில் போன காதலர்கள்

ஜூன் 3, புதன்

காலையிலிருந்து பல்செட்டுக்கு மெருகு போடும் வேலை. ஒரு காதில் மெஷின் இரைச்சல், இன்னொரு காதில் இயர்போனில் ஒலிப்புத்தகக் கதை. ஓநாயாக மாறுகிறவன் அந்த ரொட்டிக்கடைக்காரியிடம் ஒருவழியாக உண்மையைச் சொல்லிவிட்டான். வாசிக்கிற பெண்ணின் குரல் அந்த இடத்தில் லேசாகக் கம்மியது. பல்செட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார்.

"காதலைச் சொல்லிட்டான் சார்."

"நல்லதாப் போச்சு. அந்தக் கடைவாய்ப்பல்லை மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள். மகள் விரும்புகிற பையனின் அப்பா அம்மா முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். இவர், என் வீட்டுக்காரர், இப்போதே ஒட்டடைக் கம்பும் கையுமாகத் திரிகிறார்.

ஜூன் 5, வெள்ளி

எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

வேலை முடிந்து வந்தால், கூடத்தில் என் புத்தக அலமாரி இருந்த இடத்தில் வெறும் சுவர். அலமாரி பால்கனியில் கவிழ்ந்து கிடக்கிறது. புத்தகம் ஒன்றுகூட இல்லை. ஓநாய்கள், ரத்தக்காட்டேரி டாக்டர், பேயைக் கட்டிக்கொண்ட வக்கீலம்மா, அப்புறம் வெறும் மனிதர்கள் வெறும் மனிதர்களைக் காதலிக்கிற கதைகள் — எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டார் இவர்.

"அட்டையில சட்டை போடாத ஆம்பளைங்க இருக்குற புத்தகத்தையெல்லாம் கூடத்துல அடுக்கி வச்சுக்கிட்டு எப்படிச் சம்பந்தம் பேசுறது?"

என்னிடம் ஒரு வார்த்தை? ம்ஹூம். இவர் லிஃப்ட் மெக்கானிக். இத்தனை வருஷத்தில் இவருடைய ஸ்பேனர் ஒன்றையாவது நான் இடம் மாற்றி வைத்திருப்பேனா?

"எல்லாம் ஒரே கதைதானே, விடு" என்று சமாதானம் வேறு. இவர் வாரா வாரம் பார்க்கிற கால்பந்தும் ஒரே பந்துதான். அதை நான் மூட்டை கட்டவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. மகளுக்கும் தெரிந்திருக்கிறது.

"அப்பா கேட்டாரு. என்னமோ பண்ணுங்கன்னு சொன்னேன்மா" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். போனில் யார்? அந்தப் பையன்தான். இவள் காதலிக்கலாம், ஆனால் இவளைப் பெற்றவள் காதல் கதை படித்தால் மானம் போய்விடும். என்ன நியாயம் இது?

ஜூன் 6, சனி

பேப்பர் கடைக்குப் போனேன். கடையை நடத்துகிறவள் என்னைவிடச் சின்னவள். பேப்பர் கட்டுகள் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் ரத்தக்காட்டேரி டாக்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னோடது" என்றேன்.

"அப்படியா அக்கா? உக்காருங்க." புத்தகத்தை மட்டும் விடவில்லை. "இந்த ஆளு ராத்திரி டூட்டி மட்டும்தான் பாப்பானாம். ஆஸ்பத்திரியில ஒருத்தருக்குமா சந்தேகம் வராது?"

"எனக்கும் அதேதான். அதுவும் அவ்வளவு நீளப் பல்லை வச்சுக்கிட்டு வாயை எப்படி மூடுவான்? பல்செட் செய்யிறவ நான், எனக்குத் தெரியாதா?"

அவள் சிரித்த சிரிப்பில் கட்டு சரிந்து கீழே விழுந்தது. எதையும் கிழிக்கவில்லை, மூட்டைகள் அப்படியே இருக்கின்றன என்றாள். "எப்ப வேணா எடுத்துக்குங்க. ஆனா டாக்டரை முடிச்சிட்டுத்தான் தருவேன்."

எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்காத மாதிரி பக்கத்தைத் திருப்பினாள்.

ஜூன் 7, ஞாயிறு

வந்தார்கள். பையனின் அம்மா உட்கார்ந்ததுமே வெறும் சுவரைப் பார்த்து, "ஈரம் ஏறியிருக்கே, கவனிக்கலையா?" என்று கேட்டாள். இவ்வளவு நாளாக அலமாரி மறைத்திருந்த ஈரம். இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

"பொழுது எப்படிப் போகுது உங்களுக்கு?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் குறுக்கே விழுந்தாள். "அம்மாவுக்கு வேலை, வீடு, இதுவே சரியா இருக்கும் ஆன்ட்டி."

சரியா இருக்குமாம்.

ஜூன் 8, திங்கள்

இவரிடம் நேராகவே கேட்டேன். கத்தவில்லை.

"அந்தப் புத்தகத்தையெல்லாம் யார் படிக்கிறது?"

"நீதான்."

"அப்ப நீங்க யாரை மறைச்சீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் ஏன் இதையெல்லாம் படிக்கிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேன். ஓநாயோ பேயோ, அந்தக் கதைகளில் ஒருத்தன் ஒருத்தியிடம் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறான். கேட்டுவிட்டு, அவள் சொல்லும்வரை காத்திருக்கிறான். எனக்கு அந்தக் காத்திருப்புதான் பிடிக்கும். முத்தமெல்லாம் அப்புறம். சரி, முத்தமும் பிடிக்கும். இது என் நாட்குறிப்பு, இதில் யாருக்காக நடிப்பது?

ஜூன் 9, செவ்வாய்

மகள் நான் வேலை செய்கிற இடத்துக்கே வந்துவிட்டாள். மாடிப்படியில் நின்று பேசினோம். என் கையெல்லாம் பிளாஸ்டர் மாவு.

"அவங்க உன்னைப் பாத்துச் சிரிச்சிடுவாங்களோன்னு பயந்தேன்மா."

"அவங்க சிரிக்கலை. நீதான் முந்திக்கிட்ட."

அவள் கண் கலங்கியது. கட்டிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. உடனே சமாதானம் ஆகிவிட எனக்கு மனசில்லை. எப்போதும் நானே ஏன் முதலில் இறங்கி வர வேண்டும்?

ஜூன் 10, புதன்

காதில் கதை ஓடுகிறது, மனசில் ஒட்டவில்லை. பாவம் வாசிக்கிறவள், அவள் என்ன செய்வாள்.

ஜூன் 13, சனி

இவரைப் பேப்பர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "கொடுத்தது நீங்கதானே, தூக்கிட்டு வாங்க" என்றேன். தூக்கினார். ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரி செய்கிற ஆள், எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூட்டை பிரிந்து, சட்டை போடாத ஆண்கள் அத்தனை பேரும் படி நெடுகச் சறுக்கிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு டீச்சர், தண்ணீர் கேன் போடுகிறவர், எல்லோரும் பார்த்தார்கள்.

நான் குனிந்து எடுக்கவில்லை. இவர்தான் ஒவ்வொன்றாக எடுத்தார், அட்டை மடங்கியதை நீவிவிட்டு. டீச்சரின் காலடியில் கிடந்ததை எடுக்கும்போது, "என் வீட்டுக்காரியோடது" என்றார் மெல்ல.

அலமாரியைத் திரும்பக் கூடத்தில் வைத்தார். முதலில் சுவரைக் காயவைத்து, பூச்சு போட்டு, அப்புறம். மன்னிப்பு? அந்த வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

ஜூன் 20, சனி

பேப்பர் கடையில் சாயங்காலம். அவள் டாக்டரை முடித்துவிட்டு வக்கீலம்மாவைக் கேட்டாள். எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் வேலையைப் பார்க்க, நான் சத்தம் போட்டு வாசித்தேன். தராசில் பேப்பர் போட வந்த இரண்டு பெண்கள் போகாமல் நின்றுவிட்டார்கள்.

ஜூன் 24, புதன்

மகள் போன் செய்தாள். "அம்மா, வேலைக்குப் போறப்ப பஸ்ல கேக்குற மாதிரி ஒண்ணு சொல்லேன்." எனக்காகக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா? தெரியவில்லை. ரொட்டிக்கடைக்காரியைச் சொன்னேன். "ஓநாயா?" என்றாள். "ஓநாய்தான்" என்றேன்.

ஜூலை 5, ஞாயிறு

இன்று பையன் வீட்டில் மதியச் சாப்பாடு. பெரிய மேஜை, அவர்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நிறைய. பையனின் அப்பா என்னைப் பார்த்து, "உங்களுக்குப் படிக்கிற பழக்கம் உண்டாமே, என்ன மாதிரி புத்தகம்?" என்றார். மகள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், குறுக்கே பேசவில்லை. என் வாயில் சோறு.

இவர்தான் சொன்னார். "காதல் கதைங்க. ஓநாய், ரத்தக்காட்டேரியெல்லாம் வரும். வேலை செய்யிறப்பக் காதுல கேப்பா, வீட்டுல உக்காந்து படிப்பா. அலமாரி நிறைய வச்சிருக்கா."

சிரிக்காமல் சொன்னார். மேஜையின் அந்தக் கோடிவரை கேட்டிருக்கும்.

யாரோ கொஞ்சம் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. குழம்புப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி, "உனக்கு என்ன வேணும்?" என்றார். நான் மென்று விழுங்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோபம் முழுசாகத் தீரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது. போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.