பாக்கெட்டில் அப்பாவின் சிரிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு, பிரேமினி வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? கொழும்பில் நான் சுகம்.

நேற்று எங்கள் தேயிலைக் கம்பெனிக்குப் புதுப் பாக்கெட் வந்தது. ‘மஸ்கெலியா சிறுதோட்டத் தேயிலை’ என்று போட்டு, நீங்கள் சிரிக்கும் படம். கூட வேலை செய்யும் ஐவி, “ஒங்கப்பா பெரிய ஆளாயிட்டாருடி” என்றாள். நானும் சிரித்தேன்.

ஆனால் கம்பெனி லொறி மூன்று வாரமாகக் கொழுந்தெடுக்க வரவில்லை என்றீர்களே. அப்படியானால் உள்ளே இருப்பது யார் கொழுந்து? கொழுந்தை விற்க அவர்கள் லொறியைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. உங்கள் முகம் இல்லாமல் அவர்களுக்கு விற்பனையில்லை போலும். படத்துக்கு வைத்தது போதும், இனி அவர்கள் நீட்டும் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

வீட்டில் அம்மா வறுக்கும் தேயிலைத் தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்குள்ளதைக் குடிக்க மனம் வரவில்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும் எழுதுங்கள்: வீட்டில் நான் ஒருநாளும் பார்க்காத அந்தச் சிரிப்பை என்ன சொல்லி வரவழைத்தார்கள்?

உங்கள் மகள்
பிரேமினி