செந்தூல் என்று எழுதிய படம்

மார்ச் 12, புதன்

மலேசிய ரயில்வே தொழிலாளரின் பழைய புகைப்படங்களுக்காக எட்டு மாதம் வீடு வீடாக அலைந்தவள் நான். என் முதுகலை ஆய்வே அதுதான். இன்று வந்த கண்காட்சி அழைப்பிதழில், தொகுத்தவர் என்று என் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியரின் பெயர் மட்டும் இருக்கிறது.

கேட்டேன். "நீ ஸ்டூடன்ட்தானே லா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

அவர் எடுத்துக்கொண்டது, படங்களுக்கு நான் குறிப்பு எழுதிய முதல் பட்டியலை. அதில், கிள்ளானில் படம் கொடுத்த சரோஜா ஆன்டியின் அப்பா நிற்கும் படத்துக்குச் செந்தூல் பட்டறை என்று தவறாக எழுதியிருந்தேன். அது ரவாங் ஸ்டேஷன். திருத்தியதை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

மாலையில் ஆன்டிக்குப் போன் செய்தேன்.

"சனிக்கிழமை திறப்பு விழா ஆன்டி. உங்க அப்பா படத்த வச்சுத்தான் சார் பேசப் போறாரு."

"குடும்பத்தோட வரேன்மா" என்றார்.

செந்தூல் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், எல்லார் முன்னாலும் ஆன்டி அவரைக் கேட்பார். ஆன்டிக்கும் மனசு நோகும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.