போர்வை போர்த்தாத பனை

ரூசே, பல்கேரியா, ஏப்ரல் 22

அன்பு மகள் தெமெனுகாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை உவேவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் மாமியார் கெர்டா அம்மாளும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, எனக்கு மனசுதான் சரியில்லை. காகிதத்தில் எழுதுகிறேனே என்று பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை. அம்மாவுக்கு இடது முழங்கால் பழையபடிதான், டாக்டர் மாடிப்படி ஏறாதே என்றார், அவள் அன்றைக்கே ஏறி மாடி ஜன்னலில் மிளகாய் நாற்றுத் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு வந்தாள். வீட்டில் வெளிச்சம் வர வழியில்லை, எந்த ஜன்னலைத் திறந்தாலும் நாற்று. ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது. இதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், நான் சொல்ல வந்தது இது இல்லை. அதைப் போனில் சொன்னால் உன் குரலைக் கேட்டதும் என் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிடும். உன் பெயர் நாளான குருத்தோலை ஞாயிறன்று திரும்பியதே, அந்த மாதிரி.

அன்றைக்கு நான் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன், நீ அழுதாய். பனையின் நடுக்குருத்தை லேசாகத்தான் இழுத்தேன், கையோடு வந்துவிட்டது, அடியெல்லாம் பழுப்பாகி நாறுகிறது என்றாய். "அப்பா, உங்க மரத்தோட பிள்ளைய நான் சாகடிச்சுட்டேன், என்னை மன்னிச்சிருங்கப்பா" என்றாய். டிசம்பரில் கெர்டா அம்மாள் தன் பழைய கட்டில் விரிப்பைக் கொண்டுவந்து அந்தப் பனைக்குச் சுற்றியதையும், நீ அதைப் பிடுங்கிப் போட்டு, எங்கப்பா மரம் பன்னிரண்டு குளிரைப் போர்வை இல்லாமல் தாங்கிய மரம், அதன் பிள்ளைக்குத் துணி சுற்றுவது எங்கள் குடும்பத்துக்கே கேவலம் என்று சொன்னதையும், அன்றிலிருந்து அந்த அம்மாள் உன்னோடு சரியாகப் பேசுவதில்லை என்பதையும் சொன்னாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பாய், வேர் அழுகியிருக்கும் என்றேன். நீயும், ஆமாம்ப்பா, நான்தான் ஊற்றிவிட்டேன் போல என்றாய். அம்மாடி, நீ ஒரு சொட்டுக்கூட அதிகமாக ஊற்றவில்லை. அதைக் குளிர் கொன்றது, குளிரில் நிறுத்தியது நான். என் மரமும் பன்னிரண்டு குளிரைப் போர்வை இல்லாமல் தாங்கவில்லை. அதன் உடம்புக்குள் ஒயர் இருந்தது.

நான் நாற்பது வருஷம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன், இந்தத் திருட்டுக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நம் ஊர்ப் பனைக்காரர்களை உனக்குத் தெரியும், ஒன்பது வீட்டுக்காரர்கள், கழுத்து வரை பனி விழுகிற ஊரில் பனை வளர்க்கிறோம் என்று சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், அதனால் எங்களுக்குள்ளேயே பெருமை அடித்துக்கொள்வோம். துணி சுற்றி, பெட்டி கட்டி, வைக்கோல் திணித்து மரத்தைக் காப்பாற்றுகிறவன் எங்கள் கணக்கில் அரை ஆள். வெறும் உடம்போடு நிறுத்திக் காப்பாற்றுகிறவன்தான் ஆள். எங்களில் ஒழுங்காகத் துணி சுற்றுகிறவன் கான்ச்சோ ஒருவன்தான், படகில் இன்ஜின் பார்த்தவன், எதையும் பொறுமையாகச் செய்வான். நவம்பர் வந்தால் ஓலையெல்லாம் கொண்டை போலச் சேர்த்துக் கட்டி, காற்றுப் போகிற துணி சுற்றி, வேரில் சருகு குவித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். என் மரம் பெண், அவன் மரம் ஆண், அவன் மரத்துப் பூவை வைத்துத்தான் என் மரம் காய்த்தது, அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவோம். "என்ன சம்பந்தி, எங்க மாப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் மாட்டியாச்சா, காதுக்குக் குல்லா வேணாமா" என்று நான் ரோட்டில் நின்று கத்துவேன். "உங்க பொண்ணு வெறும் உடம்போட நிக்கிறாளே, உங்களுக்கு வெக்கமா இல்லையா" என்று அவன் திருப்பிக் கத்துவான். இரண்டு பேர் பெண்டாட்டியும் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கான்ச்சோவின் பெயர் நாள் விருந்தில் ரக்கியா போதை கொஞ்சம் ஏறியிருந்தது, இந்த வருஷம் எவ்வளவு குளிர் வந்தாலும் என் மரம் துணி இல்லாமல் நிற்கும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன பத்தாம் நாள் ரேடியோவில் மைனஸ் பதினெட்டு என்றான். சொன்னதை விழுங்க மனசு வரவில்லை. தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சுற்றுவோமே, அந்தச் சூடேறும் ஒயரை எடுத்தேன். இந்தப் பனைக்கு அடிமுதல் நுனிவரை நார்நாராகப் பன்னாடை அடர்ந்திருக்கும், அதை விலக்கி உள்ளே சுற்றி, நுனியைக் குருத்துக்குப் பக்கத்தில் செருகி, பன்னாடையைத் திரும்ப இழுத்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. மண்ணுக்கு அடியில் ஒயரை நிலவறைக்குக் கொண்டுபோனேன். அம்மாவிடம் முற்றத்துக் குழாய்க்கு என்றேன். அவளும், அந்தக் குழாய் மேல உங்களுக்கு என்ன இவ்வளவு பாசம் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அந்தக் குளிரில் ஓலையெல்லாம் கருகிவிட்டது, குருத்து மட்டும் பிழைத்தது. கருகிய ஓலையைப் பார்த்ததும் எல்லோரும் நம்பிவிட்டார்கள், துணி சுற்றியிருந்தால் கருகியிருக்காதே.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை நாங்கள் வீடு வீடாகப் போய்க் குருத்தை இழுத்துப் பார்ப்போமே, நீயே சின்ன வயசில் கூட வந்திருக்கிறாய். குருத்து கையோடு வந்தால் அந்த வீட்டுக்காரன் அன்றைக்கு எல்லோருக்கும் ஊற்ற வேண்டும். துணி சுற்றாமல் நின்று குருத்தும் உறுதியாக இருந்தால், மார்ச் முதல் தேதி கையில் கட்டிய சிவப்பு வெள்ளை நூலை எல்லோரும் அவிழ்த்து அந்த மரத்தில் கட்டுவார்கள். மற்ற ஜனங்கள் பூத்த செடியில் கட்டுகிற நூலை எங்கள் கூட்டம் பனையில் கட்டும். அந்த வருஷம் எட்டு வீட்டு நூலும் என் மரத்தில் ஏறியது. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள், நாலு வருஷம் கிண்டல் பண்ணியிருப்பார்கள், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. அடுத்த வருஷம் சொல்ல முடியவில்லை. அதற்கடுத்த வருஷம் விதை கேட்டார்கள். ஸ்டாமென் வம்சம் என்று என் பெயரையே அந்தக் கன்றுகளுக்கு வைத்தார்கள், நான் பெரிய மனுஷன் மாதிரி அவற்றைத் தொட்டியில் வளர்த்துக் கொடுத்தேன், கொடுக்கும்போது துணி சுற்றிக் கெடுத்துவிடாதீர்கள் என்று புத்தி வேறு சொன்னேன். நீ கல்யாணமாகி ஜெர்மனிக்கு, லைப்சிக் போகும்போது காரில் உன் காலடியில் வைத்துக் கொண்டுபோன கன்றும் அதில் ஒன்று. உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். வண்டி கிளம்பும் வரை நாக்கு நுனியில் இருந்தது, நீ என்னைப் பார்த்த பார்வையில் அது உள்ளே போய்விட்டது.

இந்த ஜனவரியில் வந்த குளிர் அங்கேயும் வந்தது, இங்கேயும் வந்தது. இந்த ஏப்ரல் சனிக்கிழமை ஆறு வீட்டில் குருத்து கையோடு வந்தது, ஆறும் நான் கொடுத்த கன்றுகள். கடைசிக்கு முந்தின வீடு கான்ச்சோவுடையது. அவன் இந்த வருஷம் துணி சுற்றவில்லை, தெமெனுகா. இத்தனை வருஷம் நான் கத்தியதைக் கேட்டுக் கேட்டு, என் மரம் மட்டும் என்ன மட்டமா என்று முதல் தடவையாக வெறும் உடம்போடு நிறுத்திவிட்டான். இருபத்திரண்டு வருஷத்து மரம். அவனே இழுத்தான், கொழகொழவென்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "உங்க கைராசி எனக்கு இல்ல சம்பந்தி, விடுங்க" என்றான். அதோடு விட்டானா, எல்லோரோடும் நம் வீட்டுக்கு வந்தான். என் மரத்துக் குருத்தை நாலு பேர் இழுத்தார்கள், அசையவில்லை. முதல் நூலைக் கான்ச்சோதான் கட்டினான். பாலாடைக்கட்டி வைத்து அம்மா சுட்ட பனிட்சாவை எல்லோரும் சாப்பிட்டார்கள், நான்தான் பரிமாறினேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதற்கு எட்டு நாள் கழித்து நீ அழுகிறாய், உன்னிடமும் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனை வைக்கிறேன்.

வைத்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள், கையைக்கூடத் துடைக்கவில்லை. "குழாய்க்குப் பாசம்னு நெனச்சேன், உங்க வாய்க்குத்தான் பாசமா" என்றாள். பிறகு, "மொதல்ல கான்ச்சோ வீட்டுக்குப் போங்க. அப்புறம் பொண்ணுக்கு எழுதுங்க, பேசாதீங்க, பேசினா பாதியிலயே ஒரு கதை கட்டிருவீங்க" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், என்னை எனக்கே தெரியாத அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

பன்னாடையைப் பிரித்து ஒயரை உருவி, சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோடு நடந்து போனேன். கான்ச்சோ ஏணியில் நின்று, புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த மருந்தைக் குருத்துக் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் ஒயரைக் காட்டினேன். அவனும் இன்ஜின் பார்த்தவன், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை வருஷம் என்று கேட்டான். பன்னிரண்டு என்றேன். கையிலிருந்த பாட்டில் காலியாகும் வரை ஊற்றினான். கெட்ட வார்த்தையில் திட்டுவான் என்று பார்த்தேன், ஏணியை எடுத்து அடிப்பான் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே இறங்கி வந்து, "என் நூலை அவுத்துக் கொண்டாந்து குடுங்க, ஸ்டாமென்" என்றான். சம்பந்தி என்று சொல்லவில்லை. திரும்ப வந்து, அந்த முடிச்சை அவிழ்த்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டைச் சாத்தினான். மற்ற ஏழு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிவிட்டேன், இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தி கதவைத் திறக்கவே இல்லை, ஜன்னல் வழியாகக் கேட்டாள். அடுத்த குளிருக்கு என் மரம் வெறுமனே நின்று சாகட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். "அதுவும் ஒரு வீம்புதான், மரம் என்ன பாவம் பண்ணுச்சு, நவம்பர்ல ஊரே பாக்கத் துணி சுத்துங்க" என்றாள். சுற்றுகிறேன்.

இப்போது உன் மரத்துக்கு வருகிறேன். தோண்டி எறிந்துவிடாதே. அழுகிய வரைக்கும் சுத்தமான கத்தியால் சீவி எடுத்துவிட்டு, நான் சொன்ன அந்த நுரைக்கிற மருந்தை ஊற்று, நுரை அடங்கினதும் இன்னொரு தடவை ஊற்று, பிறகு மழை உள்ளே இறங்காமல் மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வை. ஜூலை கடைசி வரை பார், சில மரம் அப்படிக் குட்டையாக ஒரு ஓலை விடும், விடாமலும் போகும், நான் இனிமேல் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். பிழைத்தால் டிசம்பரில் கெர்டா அம்மாளிடமே கொடுத்துச் சுற்றச் சொல். கட்டில் விரிப்புப் போதும், அந்த அம்மாள் செய்தது சரி, பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகிவிடும், வெயில் அடிக்கிற நாளில் மேலே கொஞ்சம் திறந்துவிட வேண்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைச் சளியோடு வேலைக்கு அனுப்பாதே. எங்கள் ஆசீர்வாதம் உங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் உண்டு, அம்மா உன் நெற்றியில் முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள். என் ஆசீர்வாதத்துக்கு இப்போது எவ்வளவு மதிப்பு என்று தெரியவில்லை, இருந்தாலும் தருகிறேன்.

ஒரு காரியம் மட்டும் மறக்காமல் செய். இந்தக் கடிதத்தைக் கெர்டா அம்மாள் முன்னால் உட்கார்ந்து ஜெர்மனில் முழுக்கப் படித்துக் காட்டு. உன்னை எனக்குத் தெரியும், அப்பாவின் மானம் போகக் கூடாது என்று நடுவில் நாலு வரியை விட்டுவிடுவாய், தண்ணீர் ஊற்றினாய் என்று நான் உன் மேல் பழி போட்ட இடத்தை மெதுவாகத் தாண்டிப் போவாய். விடாதே, தாண்டாதே. அந்த அம்மாள் என்னைக் கேவலமாக நினைக்கட்டும், உன்னை நினைக்கக் கூடாது.

வெட்கத்தோடும் பாசத்தோடும்,
உன் அப்பா
ஸ்டாமென்