பருந்து ஒதுங்கிய மூலை

ஆடி, ஞாயிறு இரவு. அம்பத்தூர்.

கோயிலில் கூழ் வார்ப்பதைப் படமெடுக்க எதிர்வீட்டு பாபு டிரோன் பறக்கவிட்டான். "தம்பி, அந்த ஃபிளாட்டுக்குப் பின்னாடி காத்து சுழலும், விழுந்துடும்" என்றேன். அங்கே பருந்தே தடுமாறி விலகியதைக் காட்டினேன்.

"பெருசு, இன்னா உன் ரோதனை?" என்று சிரித்தான். ஃபிளாட்டு மூலையைத் தாண்டியதும் டிரோன் கவிழ்ந்து கூழ் அண்டாவிலேயே விழுந்தது.

"இந்தாளு சொன்னதாலதான் உழுந்துச்சு. கருநாக்கு!" என்று அவன் அம்மா கத்தினாள். கூடியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். இனிக் கோயில் பக்கம் வராதே என்றார்கள். நான்தான் சொன்ன விதத்தில் தவறினேனோ?

அடுத்த ஞாயிறும் வேறொரு டிரோனை அங்கேதான் பறக்கவிடுவார்களாம். விழட்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் கீழே பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பார்கள். போய் மறுபடி சொல்லத்தான் வேண்டும். அடித்தாலும் அடிப்பார்கள்.