மாலை போட்ட மெஷின்

அக். 17, வெள்ளி
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மூக்கண்டப்பள்ளி ரோட்டில் மறுபடி பள்ளம் தோண்டியிருக்கிறார்கள்.

சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸில் நித்யா. இன்ஜினியரிங் முதல் வருடம், ஹாஸ்டல். முகம் சரியில்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் மூடிக்கொள்வாள். என் பெண் அல்லவா.

அக். 18, சனி
வெங்காயம் உரிக்கும்போது அவளே சொன்னாள். ஆயுத பூஜையன்று இவருடைய கம்பெனியில் குடும்பங்களை உள்ளே விட்டபோது, கெஸ்ட் ஹவுஸ் பங்களா முன்னால் நின்று எடுத்த படம். அதை இன்டர்நெட்டில் தன் பக்கத்தில் போட்டு, 'எங்கள் வீடு' என்று எழுதிவிட்டாளாம். மற்றவர்கள் கார், ஊட்டி என்று போடுகிறார்களாம். நாளைக்குத் தோழிகள் நாலு பேர் வருகிறார்கள், பங்களாவைப் பார்க்க.

"இனி காலேஜே வேணாம்மா."

இவர்: "கெஸ்ட் ஹவுஸ் சாவிய வாங்கியாரட்டா கண்ணு? வாட்ச்மேன் நம்ம ஆளுதான்."

அவள் சிரிக்கவில்லை.

இன்டர்நெட்டால்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று எங்கள் ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் தினமும் பேச்சு. எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் காலத்தில் கல்யாண ஆல்பம் இருந்தது. அதில் பாதி நகை இரவல்.

மதியம் குடையோடு தனியாக நெட் சென்டர் போய்வந்தாள்.

"அழிச்சிட்டியா?"

"இல்லம்மா. கீழ எழுதிட்டேன். இது கம்பெனி கெஸ்ட் ஹவுஸ், பொய் சொல்லிட்டேன்னு. பக்கத்துல அப்பா படம் போட்டேன்."

அதே ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், மாலையோடு லேத் மெஷின். பக்கத்தில் நீலச் சட்டையில் இவர்.

"அது எதுக்கு கண்ணு? சட்டையெல்லாம் ஆயிலு." சொல்லிவிட்டுப் போய்க் கண்ணாடி பார்த்தார்.

படத்தை அழித்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லை, வராதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

அக். 19, ஞாயிறு
வெயில். தயிர், கொத்தமல்லி, பால் பாக்கெட். நல்ல தட்டு போதாது. பக்கத்து வீட்டு சரோஜம்மாவிடம் இரவல்.

வந்தது இரண்டு பேர். வராத ஒருத்தி, படத்தின் கீழ் 'ஃபிராடு' என்று எழுதியிருக்கிறாளாம். நித்யா அதையும் அழிக்கவில்லை.

கன்னடப் பெண் ஒருத்தி, அரைத் தமிழில்: "அங்கிள், ஆ மெஷின் நிம்து... உங்கள்துதானா?"

"நான் ஓட்டறதும்மா. வீடுதான் சின்னது, மெஷின் பெருசு."

மூன்று பெண்களும் சிரித்த சிரிப்பில் சரோஜம்மா எட்டிப் பார்த்தாள்.

நாளைக் காலை லேப் என்று நித்யாவும் அவர்களோடே கிளம்பினாள். வாசலில் நின்று, ஹாஸ்டல் அலமாரியில் ஒட்ட ஒரு படம் கேட்டாள்.

"எது, பங்களாவா?" என்றார் இவர்.

"அப்பா!"

உள்ளே ஓடி மெஷின் படத்தை எடுத்துவந்தார்.

எனக்கு அப்படியொரு பெருமை. அவளிடம், "குடைய மறந்துடாத" என்று மட்டும் சொன்னேன்.

சரோஜம்மா தட்டு, நாளைக்குக் கொடுக்க வேண்டும்.